பூக்கடைப் பூனையும் என் அமைதிப் பலகையும்

நான் வேலை பார்க்கும் இடத்தைச் சொன்னால், அம்பத்தூரில் எங்கள் தெருவில் பாதிப் பேர் "மாட்டாஸ்பத்திரியா?" என்று கேட்கிறார்கள். மீதிப் பேர் கேட்காமலேயே அப்படி நினைத்துக்கொள்கிறார்கள். மாடு எங்களிடம் வருவதே இல்லை. வேலப்பன்சாவடியில் பெரிய ரோட்டை ஒட்டிய ஒரு கட்டடத்தின் கீழ்த்தளம்தான் எங்கள் மருத்துவமனை. நாயும் பூனையும் வரும். எப்போதாவது முயல் வரும். ஒருமுறை ஒரு வாத்தைப் பிரியாணிக் குண்டானில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்கு வைத்தியம் பார்க்கவா, எங்களுக்கு விருந்து வைக்கவா என்று எனக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை.

நான் அங்கே நர்ஸ். அதற்கு முன்னால் ஒன்பது வருடம் மனிதர்களின் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை வார்டில் இருந்தேன். எனக்கு முன்கோபம் உண்டு. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், எப்படியும் கொஞ்ச நேரத்தில் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். பழைய வேலையிலிருந்து இந்த வேலைக்கு இரண்டு விஷயங்களைக் கொண்டுவந்தேன். ஒன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சார்ட் எழுதும் பழக்கம். இன்னொன்று, ஒரு பலகை. "அமைதி காக்கவும். நோயாளிகள் ஓய்வெடுக்கிறார்கள்" என்று நீல எழுத்தில் நானே எழுதி வார்டு கதவில் மாட்டியிருந்தேன். படிக்கத் தெரியாத நாய்கள் குரைத்தால், முறைத்தே அடக்குவேன்.

டாக்டர் என்னைவிட நான்கு வயது சின்னப் பெண். கையும் நிதானம், பேச்சும் நிதானம். வயிறு, குடல் அறுவை சிகிச்சை என்றால் பூந்தமல்லி, ஆவடிப் பக்கமிருந்தெல்லாம் அவரைத் தேடி வருவார்கள். எங்கள் பக்கத்து நாய்கள் விழுங்காத பொருள் கிடையாது. மாங்கொட்டை, பால் பாட்டில் நிப்பிள், கிரிக்கெட் பந்தில் பாதி, காலுறை. வயிற்றைத் திறந்து எடுத்ததை ஒரு தட்டில் போட்டுச் சொந்தக்காரர்களிடம் காட்டும்போது அவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டும். "அடப்பாவி, இதத்தான் ஒரு மாசமா தேடிட்டிருந்தேன்" என்று காலுறையைப் பார்த்து ஒருவர் கூவியிருக்கிறார்.

ஒரு நாள் காலை, ஈரச் சாக்கு போட்டு மூடிய பூக்கூடை ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு அக்கா உள்ளே வந்தார். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு வாசலில் பூ விற்பவர். பின்னாலேயே அவருடைய வீட்டுக்காரர், காக்கிச் சட்டையோடு. அதே பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். கூடைக்குள்ளே பூ இல்லை. வெள்ளையும் கறுப்பும் மஞ்சளும் கலந்த ஒரு பெண் பூனை சுருண்டு கிடந்தது.

"இன்னான்னு தெர்ல சிஸ்டர். ரெண்டு நாளா ஒண்ணியும் துன்ல. துன்னா ஒடனே கக்கிடுது. மூலைல போய் குந்திகினு கீது" என்றார் அக்கா.

"நல்லா ஆடிகினு இருந்துச்சு மேடம்! எவன் கண்ணு பட்டுச்சோ!" என்றார் அவர். அவர் சாதாரணமாகப் பேசுவதே பக்கத்து ஊருக்குப் பேசுவதுபோல் இருந்தது. மேஜைமேல் இருந்த ஊசிக் கிண்ணம் அதிர்ந்தது என்று சொன்னால் மிகை, ஆனால் நான் அதைத் தொட்டுப் பார்த்தேன்.

பதிவேட்டில் எழுதப் பூனையின் பெயரைக் கேட்டேன். பெயரே வைக்கவில்லையாம். "ஏய்" என்றால் வருமாம். "பூக்கடைப் பூனை" என்று எழுதிக்கொண்டேன்.

டாக்டர் வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார். பூனை உடம்பை இறுக்கிக்கொண்டது. "வாயைப் பாருங்க சிஸ்டர்" என்றார். பூனையின் வாயைத் திறந்தால் மட்டும் போதாது. தாடைக்கு அடியிலிருந்து கட்டைவிரலால் நாக்கைத் தூக்கவேண்டும். தூக்கினேன். நாக்கின் வேரைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு, சதையில் பதிந்து கிடந்தது.

"அக்கா, பூ கட்டுற நூலை எங்க வெச்சுப்பீங்க?" என்று கேட்டேன்.

அக்காவின் கை அவருடைய மடிக்குப் போனது. "மடிலதாம்மா. அது எப்பவும் நூலாண்ட வெளாடிகினே இருக்கும். பல்லால கட் பண்ணி துப்புவேன், அத்த தட்டிகினு ஓடும். வெளாட்டுன்னு வுட்டுட்டேனே."

வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். "அட, நூலு தெரியுது பார்! ஒரே இஸ்ப்பு, வந்துரும்!" என்று கையை நீட்டினார்.

"கையை எடுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பூனையைவிட அவர்தான் அதிகம் பயந்தார்.

நூலின் ஒரு நுனி நாக்கில் மாட்டியிருக்கிறது, மறுநுனி குடலுக்குள் போயிருக்கிறது. குடல் அதைக் கீழே தள்ளப் பார்க்கிறது, மேலே மாட்டிக்கொண்டிருப்பதால் நூல் நகராது. எனவே குடல்தான் நூல்மேல் ஏறி ஏறி, நாடாவை இழுத்த பாவாடை மாதிரி சுருங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் நூலைப் பிடித்து இழுத்தால், அவித்த முட்டையை நூலால் அறுப்பார்களே, அப்படி அறுத்துவிடும். இதை டாக்டர் நிதானமாக அவர்களுக்கு விளக்கினார். வீட்டுக்காரர் நீட்டிய கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்கே அறுவை சிகிச்சை. நாக்கடியில் நூலைக் கத்தரித்துவிட்டு, வயிற்றைத் திறந்தோம். இரைப்பையில் ஒரு இடம், குடலில் இரண்டு இடம், மூன்று இடத்தில் கீறித் துண்டு துண்டாக நூலை எடுத்தார் டாக்டர். எல்லாவற்றையும் நீட்டி வைத்தால் ஒரு கை நீளம். கடைசித் துண்டில் நிறம் மாறிப்போன முல்லை மொட்டுகள் இரண்டு, அக்கா போட்ட முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தன. குடலே கலங்கிப்போயிருந்தது, முடிச்சு மட்டும் அசையவில்லை. அக்காவின் கை வேலையை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

டாக்டர் வெளியே வந்து இருவரிடமும் சொன்னார்: "நூலை எடுத்தாச்சு. ஆனா பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு. தையல் போட்ட இடம் இன்னும் அஞ்சு நாளைக்குப் பிரியாம இருக்கணும். பூனை தானா சாப்பிடணும். சாப்பிட்டது கீழ வரணும். இதெல்லாம் நடந்தா பூனையைக் கூட்டிட்டுப் போகலாம்."

"கீழ வர்றதுன்னா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"ஆய் போகணும்" என்றேன் நான். எங்கள் தொழிலில் அதைவிட நல்ல சேதி கிடையாது.

அதன்பிறகு பூனை என் பொறுப்பு. மயக்கம் தெளியும்வரை வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தேன். முன்காலில் சலைன். வலிக்கு நேரம் தவறாமல் ஊசி. ஈறு வெளுக்கிறதா, காய்ச்சல் ஏறுகிறதா, வயிறு கல்லாகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சார்ட்டில் எழுதினேன். தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டியதும், ஒலிபெருக்கிக்குள் தலையை விட்டவள்போல் முறைத்தாள். ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்துக் காத்திருந்தால், குடல் அசையும்போது தூரத்தில் தண்ணீர் ஊறுவதுபோல ஒரு களகளப்பு கேட்கும். அதைக் கேட்கத்தான் எனக்கு அமைதி வேண்டும். பலகைக்கு இப்படி ஒரு நியாயமும் வைத்திருந்தேன்.

அன்று மாலை வீட்டுக்காரர் வார்டுக்குள் நுழைந்தார். "இன்னாடீ ராசாத்தி! எப்டி கீற?" என்றார். எதிர்க் கூண்டில் இருந்த லாப்ரடார் எழுந்து குரைத்தது. காலுறை விழுங்கிய நாய் அது. மாங்காட்டில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் ஒரு ஐடிக்காரருடையது.

"அண்ணா, பலகையைப் பார்த்தீங்களா? இது பஸ் ஸ்டாண்டு இல்ல. வெளியில இருங்க" என்றேன்.

மனிதர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுனிக்காலில் வெளியே போனார். அதற்கப்புறம் உள்ளே வரவே இல்லை. ஒவ்வொரு டிரிப்பிலும் எங்கள் வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு, மூடிய ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, புருவத்தைத் தூக்கி 'சாப்ட்டுச்சா?' என்பார். நான் உதட்டைப் பிதுக்குவேன். போய்விடுவார். அக்கா மட்டும் மதிய வியாபாரம் முடிந்ததும் வந்து, கூண்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, கோயில் கருவறை முன்னால் பேசுவதுபோல் பூனையிடம் கிசுகிசுத்துவிட்டுப் போவார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வார்டு என்றால் இப்படி இருக்கவேண்டும்.

பூனை சாப்பிடவில்லை.

முதல் நாள் சாப்பிடாதது பெரிய விஷயமில்லை. இரண்டாம் நாள் வேகவைத்த கோழி வைத்தேன். முள் எடுத்த மீன் வைத்தேன். டின் உணவைச் சூடாக்கி, வாசனை கிளம்ப விசிறினேன். விரலில் தொட்டு மூக்கில் தடவினேன். அதை நக்கி, என்னைப் பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குமட்டலுக்கு ஊசி போட்டும் பயனில்லை. லாப்ரடார் தன் கஞ்சியை முடித்துவிட்டு அவள் தட்டையும் பார்த்து எச்சில் விட்டது.

தையல் விட்டிருக்குமோ என்று பயந்து டாக்டர் ஸ்கேன் பார்த்தார். வயிற்றில் நீர் சேரவில்லை, காய்ச்சல் இல்லை, ஈறு இளஞ்சிவப்பாக நன்றாகவே இருந்தது. உடம்பில் குறை ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. நாய் நாலு நாள் பட்டினி கிடந்தாலும் எழுந்துவிடும். பூனை அப்படியில்லை. பட்டினி நீண்டால் அதன் ஈரலில் கொழுப்பு ஏறி, அதுவே ஆளை முடித்துவிடும். இவள் வருவதற்கு முன்னால் இரண்டு நாள், வந்து இரண்டு நாள்.

"நாளைக்கு மதியம் ரெண்டு மணி வரைக்கும் பார்ப்போம். இல்லைன்னா கழுத்து வழியா டியூப் போட்டுடலாம். ஆனா அதுக்குத் திரும்ப மயக்கம் கொடுக்கணும். இது இருக்கிற நிலைமையில எனக்குக் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு" என்றார் டாக்டர்.

எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். அன்று மருந்துக் கடைக்காரரைத் திட்டினேன். லாப்ரடாரைத் திட்டினேன். வீட்டுக்குப் போனதும், குழம்பில் உப்பு இல்லை என்று அம்மாவிடம் தட்டை நகர்த்தினேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். சொன்னேன். அம்மா உப்புக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். பிறகு, மறுநாள் காலையில் சபைப் பெண்கள் கூட்டத்துக்கான ஜெபக் குறிப்புக் காகிதத்தை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார். நான் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள். காலை எட்டுக்கு ஒரு தட்டு, பத்துக்கு ஒரு தட்டு, பன்னிரண்டுக்கு ஒரு தட்டு. முதல் இரண்டையும் அப்படியே எடுத்தேன், மூன்றாவதாக வைத்த மீன் கூண்டிலேயே கிடந்தது. பன்னிரண்டரைக்கு மின்சாரம் போனது. எங்கள் இன்வெர்ட்டர் ஆபரேஷன் அறைக்கும் விளக்குக்கும்தான் தாங்கும், வார்டு ஏசிக்குத் தாங்காது. கண்ணாடி அறையில் ஐந்து நிமிடத்தில் புழுங்கிவிட்டது. வேறு வழியில்லாமல், வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நான் திறந்தே இராத அந்த ரோட்டுப் பக்கத்து ஜன்னலைத் திறந்தேன்.

சரியாக அந்த நேரத்தில் வீட்டுக்காரரின் ஆட்டோ வந்து நின்றது. ஜன்னலுக்கு வந்தார். புருவத்தைத் தூக்கினார். உதட்டைப் பிதுக்கினேன். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்குத் திரும்பினார். ஆட்டோவில் இரண்டு சீட்டு காலி. துக்கம் ஒருபக்கம் இருந்தாலும் தொழில் ஒருபக்கம் இருக்கிறதே. வாயைத் திறந்தார்.

"பூந்தமல்லி, மாங்காடு, குன்றத்தூர்! மாங்காடு, குன்றத்தூர்! ஏறு ஏறு ஏறு! ரெண்டு சீட்டுதான், ஒடனே எட்துருவேன்! குன்றத்தூர் குன்றத்தூர் குன்றத்தூரேய்!"

ஜன்னலை ஓங்கிச் சாத்துவதற்காகக் கையை வைத்தேன். அப்போதுதான் பின்னால் கூம்பு கம்பியில் உரசும் சத்தம் கேட்டது. திரும்பினேன். மூன்று நாளாக மூலையில் கிடந்தவள் எழுந்து நின்றாள். காது இரண்டும் ரோட்டுப் பக்கம் திரும்பியிருந்தன. முதுகை வளைத்து, வயிற்றுத் தையல் இழுக்கவே பாதியில் நிறுத்தி, தட்டை நோக்கி நடந்தாள். முகர்ந்தாள். கூம்பு தட்டில் இடிக்க இடிக்க, ஒரு வாய் மீனை எடுத்து மென்றாள்.

இரண்டாவது வாய். வெளியே யாரோ இரண்டு பேர் ஏறிக்கொண்டார்கள். ஆட்டோ உறுமிக் கிளம்பியது. குரல் போய்விட்டது. பூனை தலையைத் தூக்கி, ஜன்னலைப் பார்த்து, கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மூலைக்கே போய் உட்கார்ந்துகொண்டாள்.

மீனுக்காகத்தான் எழுந்தாள் என்று நினைத்துத் தட்டைப் பக்கத்தில் தள்ளினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காற்றுக்காக எழுந்தாளோ என்று ஜன்னலை இன்னும் அகலமாகத் திறந்தேன். அசையவில்லை. அதற்கப்புறம்தான் என் மண்டையில் உறைத்தது. அவள் பிறந்ததிலிருந்து பஸ் ஸ்டாண்டு வாசலில் சாக்குமேல் உட்கார்ந்து சாப்பிட்டவள். ஹாரனும் கூச்சலும் இருந்தால்தான் அவளுக்கு உலகம் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். நானோ அவளைக் கொண்டுவந்து சத்தமே இல்லாத கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டு, அவளுடைய ஆட்களையும் கிசுகிசுக்க வைத்துவிட்டேன். பேச்சு மூச்சில்லாத இடத்தில் எந்தப் பூனை நம்பிக் குனிந்து சாப்பிடும்?

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். ஓட்டிக்கொண்டிருக்கிறார், எடுக்கவில்லை. குன்றத்தூர் போய்த் திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆகும். மணி பன்னிரண்டே முக்கால். இரண்டு மணிக்கு டியூப்.

கதவைச் சாத்தினேன். பலகை கதவின் அந்தப் பக்கம் இருந்தது, நல்லவேளை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாங்காடு, குன்றத்தூர்" என்றேன். பாடப் புத்தகம் வாசிப்பதுபோல் இருந்தது. பூனை என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். இந்த ஆட்டோவில் எவன் ஏறுவான் என்ற பார்வை.

வெட்கத்தை விட்டேன். "மாங்காடு குன்றத்தூர்! ஏறு ஏறு ஏறு! ரெண்டே சீட்டு! குன்றத்தூரேய்!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். லாப்ரடார் துள்ளி எழுந்து குரைத்தது. இந்த முறை நான் முறைக்கவில்லை. "நீயும் கத்துடா ராஜா" என்றேன். பூனை எழுந்தாள். தட்டுக்கு வந்தாள்.

கதவு படாரென்று திறந்தது. டாக்டர் ஓடிவந்தார். பின்னால் நாயைப் பார்க்க வந்த ஐடிக்காரர், தோளில் லேப்டாப் பையோடு. "சிஸ்டர்! என்ன ஆச்சு?" என்றார் டாக்டர்.

நிறுத்தினால் பூனை நிறுத்திவிடும். பதில் சொல்ல வழியில்லை. தட்டைக் கையால் காட்டிக்கொண்டே, "குன்றத்தூர் குன்றத்தூர்!" என்றேன். டாக்டர் தட்டைப் பார்த்தார், திறந்த ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாழ்க்கையில் குரலை உயர்த்தியே அறியாத அந்தப் பெண், கோட்டைச் சரிசெய்துகொண்டு, "பல்லாவரம்" என்றார் மெதுவாக.

"இன்னும் சத்தமா டாக்டர்!"

"பல்லாவரம்! பல்லாவரம்!"

ஐடிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் சும்மா நிற்க மனசு வரவில்லை போலிருக்கிறது. பையைக் கீழே வைத்துவிட்டு, "திருநெல்வேலி, நாகர்கோவில்! பைபாஸ் ரைடர், இடையில எங்கேயும் நிக்காது!" என்று அவர் ஊர் பஸ் ஸ்டாண்டுக் குரலில் எடுத்துவிட்டார். பூனைக்கு ரூட்டைப் பற்றிக் கவலையில்லை. கூம்பு தட்டில் டக்டக்கென்று இடிக்க, சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. கத்திக்கொண்டே அழுதேன். அப்படி ஒரு சந்தோஷம் ஒன்பது வருடத்தில் எந்த வார்டிலும் எனக்கு வந்ததில்லை.

குடலில் தையல் போட்டவளுக்கு ஒரே வேளையில் நிறைய கொடுக்கக்கூடாது. எனவே கடைசியில் தட்டைப் பிடுங்கியதும் நான்தான். அவள் சீறினாள். சீறலைக்கூடச் சார்ட்டில் எழுதினேன்.

அன்றைக்கு மத்தியானமே பலகையைக் கழற்றினேன். கழற்றும்போது பழைய ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு நோயாளியின் ஞாபகம் வந்தது. மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர், அவருக்கும் குடலில்தான் ஆபரேஷன். "கதவ கொஞ்சம் தொறந்து வையேம்மா, யாரானா பேசறது காதுல வுழட்டும்" என்று தினமும் கேட்பார். ஓய்வு வேண்டும் என்று தினமும் சாத்திவிட்டு வருவேன். அவர் நன்றாகத்தான் வீட்டுக்குப் போனார். ஆனாலும், ஒரு நாளாவது திறந்து வைத்திருக்கலாம். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

வீட்டுக்காரர் திரும்பி வந்து ஜன்னலில் புருவத்தைத் தூக்கியபோது, நானே வெளியே போய் அவரைக் கூப்பிட்டேன். "உள்ள வாங்கண்ணா. வந்து கத்துங்க" என்றேன். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். "இல்ல மேடம், நான் இங்கயே நிக்கறேன், தப்பா எட்துக்காதீங்க" என்றார். நடந்ததைச் சொன்னதும் சிரிக்கவில்லை. கூண்டுக்கு முன்னால் போய் நின்று, காக்கிச் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு, கைகள் இரண்டையும் வாயருகே குவித்துக்கொண்டார். அந்தக் குரலுக்கு முன்னால் நாங்கள் மூவரும் போட்டது வெறும் முனகல்தான். பூனை மூன்று ஸ்பூன் காலி செய்தாள். மனிதர் கூப்பிட்டுக்கொண்டே கண்ணைத் துடைத்தார், ஆனால் ஊர்களின் வரிசை மாறவில்லை.

நான்காம் நாளெல்லாம் இப்படியே ஓடியது. தட்டு வைக்கும் நேரத்தில் அவரோ, அக்காவோ, இல்லாவிட்டால் நானோ. ஐந்தாம் நாள் காலை நான் வந்து முதலில் பார்த்தது மணல் தட்டைத்தான். இருந்தது. சுண்டுவிரல் அளவு, கறுப்பாக, உருப்படியாக. கையுறை போட்டுக்கொண்டு பரிசோதித்தேன். நூல் இல்லை, ரத்தம் இல்லை. தட்டோடு தூக்கிக்கொண்டு டாக்டர் அறைக்கு ஓடினேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று பார்த்தார். "அருமை சிஸ்டர்" என்றார். மற்ற வேலைகளில் இதற்கு இப்படி ஒரு மரியாதை கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். அம்மா சத்தமாக ஸ்தோத்திரம் சொன்னார். பிறகு தயங்கி, "சபையில அஞ்சு பேர் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் வாங்கிட்டு அந்தப் பிள்ளையைப் பார்க்க வரேங்கிறாங்க. என்ன சொல்றது?" என்றார்.

"எந்தப் பிள்ளையை?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஜெபக் குறிப்பில் அம்மா எழுதியிருந்தது: "குடல் ஆபரேஷன் முடிந்து சாப்பிட மறுக்கும் பூந்தமல்லி சகோதரிக்காக."

"ஏம்மா, பூனைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"பூனைன்னா பாதிப் பேர் ஜெபத்துக்கு நடுவுல சிரிச்சிடுவாங்க. அதான் சகோதரின்னேன். பொண்ணுதானே அது? இதுல என்ன பொய் இருக்கு?" என்றார் அம்மா. அவரிடம் வாதாடி ஜெயித்தவர்கள் எங்கள் வீட்டில் இல்லை. சாத்துக்குடி மட்டும் வந்து சேர்ந்தது. டாக்டரும் நானும் உரித்துச் சாப்பிட்டோம்.

கூட்டிப் போகும் அன்று அக்கா ஒரு பை நிறைய முல்லை கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். எல்லாம் உதிரி. "நூலே கெடையாதும்மா. பாத்துக்கோ" என்று பையைக் கவிழ்த்தே காட்டினார். எனக்குப் பூக் கட்டத் தெரியாது. ஒரு கிண்ணத்தில் கொட்டி வார்டு ஜன்னலில் வைத்தேன், திறந்திருந்த ஜன்னலில்.

இப்போது நோயாளியைச் சேர்க்கும்போது வழக்கமான கேள்விகளோடு நானாகச் சேர்த்த ஒன்றையும் கேட்கிறேன். "வீட்ல எந்தச் சத்தத்துல சாப்பிடும்?" முதலில் விழிக்கிறார்கள், அப்புறம் யோசித்துச் சொல்கிறார்கள். சீரியல் ஓடணும், மிக்ஸி ஓடணும், பிள்ளைகள் சண்டை போடணும். அந்த லாப்ரடார் வீட்டில் ஆபீஸ் மீட்டிங் நடக்கும்போதுதான் சாப்பிடுமாம். பலகையை, எடை பார்க்கும் மெஷின் ஆடாமலிருக்க அடியில் கொடுத்திருக்கிறோம்.

ஒரு மாதம் கழித்து, வேலை முடிந்து பூந்தமல்லியில் இறங்கினேன். பஸ் ஸ்டாண்டு வாசலில் சாயங்கால நெரிசல். அக்கா பூக் கட்டிக்கொண்டிருந்தார். நூல்கண்டு ஓட்டை போட்ட எவர்சில்வர் டப்பாவுக்குள் பத்திரமாக இருந்தது, துண்டு நூல்களுக்கென்று மூடிபோட்ட இன்னொரு டப்பா. பக்கத்தில் சாக்குமேல் அவள், எனக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். வயிற்றில் முடி முளைத்து மூடிவிட்டது. கூப்பிட்டுப் பார்த்தேன். "ஏய்" என்றேன். காதைக்கூட ஆட்டவில்லை. அவ்வளவுதான், பூனை ஜாதியே இப்படித்தான் என்று எனக்குச் சுருக்கென்றது. நாக்கடியில் நூலைக் கண்டுபிடித்தது யார்? ஐந்து நாள் பீயையும் மூத்திரத்தையும் பார்த்தது யார்?

கோபம்தான். வேறொன்றுமில்லை. அத்தனை கூட்டத்துக்கு நடுவில், கைப்பையை இடுக்கிக்கொண்டு, வாயைத் திறந்தேன்.

"மாங்காடு குன்றத்தூர்! ஏறு ஏறு ஏறு! குன்றத்தூரேய்!"

அவள் சட்டென்று எழுந்தாள். கூட்டத்தில் எத்தனையோ பேர் அதே ஊர்களைக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களில் ஒருவரையும் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்து, என் செருப்பு விரலில் முகத்தைத் தேய்த்துவிட்டு, நிமிர்ந்து என் வாயையே பார்த்து உட்கார்ந்தாள், தட்டு எங்கே என்று. நான் குனிவதற்குள் பின்னால் யாரோ என் தோளைத் தட்டினார்கள். மூட்டை முடிச்சோடு இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள்.

"குன்றத்தூர் வண்டி எதும்மா?" என்று கேட்டார்கள். வீட்டுக்காரரின் ஆட்டோவைக் காட்டி ஏற்றிவிட்டேன்.